ஒற்றோ, களவோ?

ஓர் அரசன் பகைவர் நாட்டுக்கு ஒற்றரை அனுப்பினால் அதனை அரசியல் என்கிறோம். ஒருவன் அயல்வீட்டுப் பெட்டியைத் திறந்து ஆங்குள்ள கடிதங்களை எடுத்து வந்தால் அதனைக் களவு என்கிறோம். திருக்குறளிலும் இவை இரண்டும் வெவ்வேறு இடங்களில் வைக்கப்பட்டுள்ளன. ஒற்றாடல் என்னும் அதிகாரம் பொருட்பாலில் அரசியலைச் சேர்ந்தது. கள்ளாமை என்னும் அதிகாரம் அறத்துப்பாலில் துறவறவியலைச் சேர்ந்தது. அரசுமன்றி அயல்வீடுமன்றி, விளையாட்டுக் களத்திலே ஓர் அணியின் இரகசியம் மற்றோர் அணியின் கைக்குச் சென்றால் அதனை எந்த அதிகாரத்திற் சேர்ப்பது?

2007ஆம் ஆண்டிலே மோட்டார்ப் பந்தய உலகில் இவ்வினா எழுந்தது. இத்தாலி நாட்டுப் பெராரி அணிக்கும் இங்கிலாந்து நாட்டு மக்லாரன் அணிக்கும் இடையே மூண்ட வழக்கே அதற்குக் காரணம். வழக்கு முடிந்து பல ஆண்டுகள் சென்றுவிட்டன. ஆயினும், பந்தய இரசிகர் இருவர் சந்தித்தால் இன்றும் அதுபற்றி வாதிட்டு மனங்கசந்து பிரிவதுண்டு. அவ்வழக்கின் வரலாற்றையும், இரசிகர்கள் முன்வைத்த வாதங்களையும், அவற்றிலிருந்து நாம் அறியத்தக்க நீதியையும் நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

போர்மியூலா வன் எனப்படும் பந்தயத்தைப் பற்றி முதலிற் சில சொற்கள் கூறவேண்டும். குதிரைப் பந்தயத்திலே குதிரையும் அதன்மேல் ஏறியவரும் சேர்ந்தே வெல்கின்றனர். இங்கும் அவ்வாறே சாரதியின் திறமையும் வண்டியின் திறமையும் சேர்ந்தே வெற்றியைத் தருகின்றன. ஆனால் வண்டியைச் சந்தையில் விலைகொடுத்து வாங்குவதில்லை. ஒவ்வோர் அணியும் தன் வண்டியைத் தானே வரைந்து தானே கட்டுவதே முறை. ஆகையினால் ஆண்டு முடிவில் இரண்டு விருதுகள் வழங்கப்படுகின்றன. ஒன்று சாரதிக்கு உரியது. மற்றையது வண்டியைக் கட்டிய அணிக்கு உரியது. 2007இல் முதலாவதாக வந்தவருக்கு 10 புள்ளி, இரண்டாமவருக்கு 8, மூன்றாமவருக்கு 6 என்றவாறு இறங்கி, எட்டாமவருக்கு 1 புள்ளி கிடைத்தது. ஓர் அணியின் சாரதிகள் இருவரும் பெறும் புள்ளிகளின் கூட்டுத்தொகையே அவ்வணியின் புள்ளியாகும்.

வெற்றிக்கும் தோல்விக்கும் இடையிலுள்ள தூரம் பெரும்பாலும் ஒரு செக்கனின் பத்திலொரு பங்கே. அந்தச் சிறு பங்கைத் தேடி நூற்றுக்கணக்கான பொறியியலாளர் ஆண்டு முழுவதும் உழைக்கின்றனர். வண்டியின் பாரத்தில் எத்தனை வீதம் முன்சக்கரங்களில் அமையவேண்டும், எத்தனை வீதம் பின்சக்கரங்களில் அமையவேண்டும், காற்று வண்டியின் அடித்தளத்தின் கீழே எவ்வாறு ஓடவேண்டும், தடுப்புக் கருவியின் விசை எவ்வாறு பங்கிடப்பட வேண்டும், டயருக்குள் எந்த வாயுவை அடைத்தால் அது சூடேறாது நிலைத்திருக்கும் என்பன போன்ற ஆயிரம் வினாக்களுக்கு அவர்கள் விடை காண்கின்றனர். இவ்விடைகளே ஓர் அணியின் செல்வம். இரும்பும் றப்பரும் எவருக்கும் கிடைக்கும், இவ்விடைகள் கிடையா.

இனி, வழக்கில் ஈடுபட்ட இரு அணிகளையும் அறிந்துகொள்வோம். பெராரி அணி, என்ஸோ பெராரி என்பவரால் 1929இல் தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் வட இத்தாலியில், மொடேனா நகருக்கு அண்மையிலுள்ள மரனெல்லோ. வண்டியின் நிறம் சிவப்பு. இத்தாலிய இரசிகர்கள் அதனை ஓர் அணியாக எண்ணுவதில்லை. தம் நாட்டின் மானமாகவே எண்ணுகின்றனர். மக்லாரன் அணியைத் தொடங்கியவர் புரூஸ் மக்லாரன் என்னும் நியூசிலாந்து நாட்டவர், ஆண்டு 1963. அதன் தலைமையகம் இங்கிலாந்தின் சறே மாவட்டத்து வோக்கிங் நகரில் இருக்கிறது. 2007இல் அதன் தலைவராக இருந்தவர் ரொன் டெனிஸ். ஒழுங்குக்கும் துப்புரவுக்கும் பெயர்பெற்றவர்.

அவ்வாண்டில் பெராரியின் சாரதிகள் பின்லாந்து நாட்டுக் கிமி ரைக்கோனனும் பிரேசில் நாட்டுப் பிலிப்பே மாசாவும் ஆவர். மக்லாரனுக்கு ஸ்பானிய நாட்டுப் பெர்னாண்டோ அலொன்சோவும், அவ்வாண்டிலேயே முதன்முறை களமிறங்கிய ஆங்கிலேய இளைஞர் லூயிஸ் ஹமில்டனும் வண்டியோட்டினர். 2007இல் நடைபெற்ற பந்தயங்கள் 17. அவற்றுள் பெராரி ஒன்பதையும் மக்லாரன் எட்டையும் வென்றன. வேறெந்த அணிக்கும் ஒரு வெற்றிதானும் கிடைக்கவில்லை. இத்துணை நெருங்கிய போட்டியின் நடுவிலேதான் இரகசியம் கைமாறியது.

இரகசியத்தைக் கொடுத்தவர் நைஜல் ஸ்டெப்னி. இவர் ஆங்கிலேயர், ஆயினும் 1993 முதற் பெராரியிற் பணிபுரிந்தவர். மைக்கல் ஷூமாக்கர் 2000 முதல் 2004 வரை தொடர்ந்து ஐந்து முறை உலக சம்பியனான பொற்காலத்தில், வண்டிகளைச் செப்பஞ்செய்த குழுவின் தலைமை இவர் கையில் இருந்தது. 2006 முடிவில் ஷூமாக்கர் ஓய்வு பெற்றார். தொழில்நுட்பத் தலைவர் ரொஸ் பிரோனும் விலகிச் சென்றார். அதன்பின் செய்யப்பட்ட புதிய ஒழுங்கில் ஸ்டெப்னிக்கு மனநிறைவில்லை. தம் அதிருப்தியை 2007 பெப்ரவரியில் அவர் வெளிப்படையாகவே கூறினார். பந்தயத் திடலிலிருந்து எடுக்கப்பட்டுத் தொழிற்சாலைப் பணியில் அமர்த்தப்பட்டார். நெடுங்காலம் உண்மையாய் உழைத்த ஒருவரின் மனக்குறை எத்துணை ஆபத்தானது என்பதை அவ்வணி பின்னரே உணர்ந்தது.

இரகசியத்தைப் பெற்றவர் மைக் கொக்லன். இவர் மக்லாரன் அணியின் தலைமை வரைஞர். ஸ்டெப்னியின் பழைய நண்பர். 2007 மார்ச் 11ஆந் திகதிக்கும் யூலை 3ஆந் திகதிக்கும் இடையில் இவ்விருவரும் குறைந்தது 288 குறுஞ்செய்திகளையும் 35 தொலைபேசி அழைப்புகளையும் பரிமாறினர் என இத்தாலியப் பொலிஸார் பின்னர் கணக்கிட்டனர். இவற்றுள் முதற்செய்தி பெராரி வண்டியின் அடித்தளம் பற்றியது. ஓட்டத்தின்போது அவ்வடித்தளம் வளைந்துகொடுக்கும் வண்ணம் அமைக்கப்பட்டிருக்கிறதென்று ஸ்டெப்னி தெரிவித்தார். மார்ச் 18இல் அவுஸ்திரேலியாவில் நடந்த முதற் பந்தயத்தில் பெராரியே வென்றது. மக்லாரன் அணி இவ்வமைப்பு விதிக்கு ஒத்ததா என்று அதிகாரிகளிடம் விளக்கங் கேட்டது. அதிகாரிகள் சோதனை முறையை மாற்றினர்; பெராரியும் தன் வண்டியை மாற்றவேண்டியதாயிற்று. ஆயின் பரிமாற்றம் அத்துடன் நிற்கவில்லை. ஏப்ரல் முடிவில் ஸ்பெயின் நாட்டுப் பார்சலோனா நகரில் இருவரும் சந்தித்தனர். பெராரியின் வரைபடங்களும் குறிப்புகளும் அடங்கிய, ஏறத்தாழ 780 பக்கங் கொண்ட ஒரு தொகுதி கொக்லனின் கைக்கு வந்துசேர்ந்தது.

இவ்வளவு பெரிய மறைவு எவ்வாறு வெளிப்பட்டது தெரியுமா? துப்பறியும் நிபுணர் எவரும் அதனைக் கண்டுபிடிக்கவில்லை. கொக்லனின் மனைவி அப்பக்கங்களை எல்லாம் இறுவட்டுகளிற் பதிவு செய்து தருமாறு வோக்கிங்குக்கு அண்மையிலுள்ள ஒரு பிரதியெடுக்கும் கடையிற் கொடுத்தார். கடையிற் பணிபுரிந்தவர் தாள்களிற் பெராரியின் பெயரைக் கண்டார். மோட்டார்ப் பந்தயத்தில் ஈடுபாடுடைய அவருக்கு, இத்தாலியிலிருக்க வேண்டிய தாள்கள் இங்கிலாந்துக் கிராமமொன்றின் கடைக்கு எவ்வாறு வந்தன என்னும் ஐயம் பிறந்தது. பெராரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். கோடிக்கணக்கிற் பணம் புரளும் அவ்வுலகிலே, உண்மையை வெளிக்கொணர்ந்தவர் ஒரு சிறு கடையின் ஊழியர் என்பது நினைவில் வைத்துக்கொள்ளத் தக்கது. யூலை 3ஆந் திகதி கொக்லனின் வீடு சோதனையிடப்பட்டது. அன்றே மக்லாரன் அவரைப் பணியிலிருந்து இடைநிறுத்தியது. பெராரி ஸ்டெப்னியைப் பணிநீக்கஞ் செய்தது.

மோட்டார்ப் பந்தயங்களுக்கு விதி வகுப்பது பாரிஸ் நகரிலே அமைந்த அனைத்துலக மோட்டார் வாகனச் சம்மேளனம். அதன் தலைவராக அப்போது இருந்தவர் மக்ஸ் மோஸ்லி என்னும் ஆங்கிலேயச் சட்ட அறிஞர். சம்மேளனத்தின் உலக மோட்டார் விளையாட்டுப் பேரவை யூலை 26இல் வழக்கை விசாரித்தது. பெராரியின் தகவல்களை அனுமதியின்றி வைத்திருந்தமையால் மக்லாரன் விதியை மீறியது என்று பேரவை தீர்மானித்தது. ஆனால் அத்தகவல் பயன்படுத்தப்பட்டதற்குப் போதிய சான்று இல்லை என்று கூறித் தண்டனை எதனையும் விதிக்கவில்லை.

இத்தீர்ப்பு ஒருவரையும் அமைதிப்படுத்தவில்லை. குற்றம் உண்டு, தண்டனை இல்லை என்பது விளங்காத புதிர் என்று பெராரி முறையிட்டது. இத்தாலிய மோட்டார் விளையாட்டு நிறுவனமும் எதிர்ப்புத் தெரிவித்தது. வழக்கை மேன்முறையீட்டுக்கு அனுப்ப மோஸ்லி இணங்கினார். மக்லாரன் இரசிகர்களோ, மனம் வெதும்பிய ஓர் ஊழியரும் மதியிழந்த ஒரு வரைஞரும் செய்த செயலுக்கு ஓர் அணியைப் பழிப்பது நியாயமா என்று கேட்டனர்.

அந்நேரத்தில் மக்லாரன் அணியின் உள்வீட்டிலேயே கலகம் மூண்டது. ஓகஸ்ட் 4இல் ஹங்கேரி நாட்டிலே, மறுநாட் பந்தயத்துக்கான தகுதியோட்டம் நடைபெற்றபோது, அலொன்சோ தம் வண்டியை நிறுத்துமிடத்தில் வேண்டுமென்றே தாமதிக்கவைத்து ஹமில்டனின் வழியை மறித்தார் என்று குற்றஞ் சாட்டப்பட்டது. அதிகாரிகள் அவரைப் புறப்படும் வரிசையில் ஐந்து இடம் பின்தள்ளினர். மக்லாரன் அணிக்கு அப்பந்தயத்தில் அணிப்புள்ளி இல்லை என்றும் தீர்த்தனர். மறுநாட் காலை அலொன்சோவுக்கும் டெனிஸுக்கும் வாக்குவாதம் ஏற்பட்டது. தம்மிடம் சில மின்னஞ்சல்கள் உள்ளன என்று அலொன்சோ கூறியதாகவும், அதனை டெனிஸ் தாமே மோஸ்லிக்குத் தொலைபேசியில் அறிவித்ததாகவும் பின்னர் வெளிவந்தது. சம்மேளனம் சாரதிகளுக்குக் கடிதம் அனுப்பியது. தம்மிடமுள்ள சான்றுகளை ஒப்படைத்தால் அவர்களுக்குத் தண்டனை இல்லையென்றும், மறைத்தால் விளைவு கடுமையாகுமென்றும் அக்கடிதம் கூறியது.

வெளிப்பட்ட மின்னஞ்சல்கள் வழக்கின் போக்கையே மாற்றின. மக்லாரனின் பரீட்சார்த்தச் சாரதி பெத்ரோ டி லா ரோசா, பெராரி வண்டியின் பாரப் பங்கீட்டைக் கொக்லனிடம் கேட்டறிந்திருந்தார். அதனை அலொன்சோவுக்கும் எழுதியிருந்தார். பெராரியின் தடுப்பு முறை, டயருக்குள் அடைக்கும் வாயு, அவுஸ்திரேலியப் பந்தயத்தில் அவர்கள் எச்சுற்றில் வண்டியை நிறுத்துவர் என்பவை யாவும் இவர்களின் மடல்களில் இடம்பெற்றிருந்தன. தகவல் ஒருவர் வீட்டுப் பெட்டியிற் பூட்டிக் கிடந்தது என்னும் வாதம் இதனால் நிலைகுலைந்தது.

செப்டெம்பர் 13இற் பேரவை மீண்டும் கூடியது. 2007ஆம் ஆண்டின் அணிகளுக்கான போட்டியிலிருந்து மக்லாரன் நீக்கப்பட்டது. 10 கோடி அமெரிக்க டொலர் குற்றப்பணம் விதிக்கப்பட்டது. அணி இழந்த பரிசுப்பணத்தை அதிற் கழித்துக்கொள்ள இடமளிக்கப்பட்டது. அவ்வாறாயினும், விளையாட்டுலகில் அதற்குமுன் எவரும் கேள்விப்படாத தொகை அது. சாரதிகளின் புள்ளிகளில் மட்டும் கைவைக்கப்படவில்லை. நான்கு நாள்களுக்கு முன்னரே பெராரியின் சொந்த மண்ணாகிய மொன்சாவில் அலொன்சோ முதலாவதாகவும் ஹமில்டன் இரண்டாவதாகவும் வந்திருந்தனர். தீர்ப்பின் பின் மூன்றாம் நாள் பெல்ஜியத்திற் பெராரியின் இருவரும் முதலிரண்டு இடங்களைப் பெற, அணி விருதும் பெராரிக்கே உறுதியாயிற்று.

நேயர்களே, வழக்கின் கதை இது. இரசிகர்களின் வாதங்களை இனி ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்போம்.

முதல் வாதம்: இதனை எல்லாரும் செய்கின்றனர், அகப்பட்டவர் மட்டும் குற்றவாளி ஆவதா? இதில் ஓரளவு உண்மை உண்டு. எதிரணியின் வண்டியைப் படம்பிடிப்பதற்கென்றே அணிகள் ஆள் வைத்திருக்கின்றன. எஞ்சினின் ஒலியைப் பதிவுசெய்து அதன் வேகத்தைக் கணிக்கின்றன. எதிரணியின் பொறியியலாளரைக் கூடிய சம்பளங் கொடுத்து அழைக்கின்றன. ஆயின் இங்கே மூன்று படிகள் உள்ளன என்பதை நாம் மறத்தலாகாது. கண்ணுக்குத் தெரிவதைக் காண்பது முதற்படி. அது யாவர்க்கும் உரியது. ஒருவர் தம் தலையிலே சுமந்துசெல்லும் அனுபவம் இரண்டாம் படி. அதனை எவரும் பறித்துவைக்க இயலாது. அதனாலேதான், விலகும் பொறியியலாளர் சில மாதம் வேறெங்கும் சேராது வீட்டிலிருக்க வேண்டுமென்று ஒப்பந்தங்கள் கூறுகின்றன. பிறருடைய தாளை, வரைபடத்தை, எண்ணை அவ்வாறே எடுத்துச் செல்வது மூன்றாம் படி. முதலிரண்டும் கூர்மையும் உழைப்பும். மூன்றாவதில் அவை இரண்டும் இல்லை. மக்லாரன் வழக்கு மூன்றாம் படியைச் சேர்ந்தது.

இரண்டாம் வாதம்: ஒருவர் செய்த பிழைக்கு அணி முழுவதும் பொறுப்பாகுமா? அவ்வணியிற் பணிபுரிந்த பலநூறு பேர் ஒரு தாளையும் கண்டிலர். வண்டியைத் துடைப்பவரும் ஆணியை இறுக்குபவரும் என்ன பாவஞ் செய்தனர்? மனத்தைத் தொடும் வாதம் இது. ஆயினும், வெற்றி வந்தபோது அது கொக்லனின் வெற்றி என்று தனித்துப் பிரிக்கப்படவில்லை. மக்லாரனின் வெற்றி என்றே எழுதப்பட்டது. தலைமை வரைஞரின் வரைபடத்தால் வரும் புகழை அணி ஏற்குமாயின், அவர் மேசைக்கு வந்த பழியையும் அது ஏற்கவே வேண்டும். மேலும், அறிந்தவர் கொக்லன் ஒருவர் மட்டும் அல்லர் என்பதை மின்னஞ்சல்கள் காட்டிவிட்டன.

மூன்றாம் வாதமே மிக ஆழமானது. பெராரியின் எந்த உறுப்பு மக்லாரன் வண்டியிற் பூட்டப்பட்டது? எந்த வரைபடம் பார்த்து எழுதப்பட்டது? ஒன்றைக் காட்டுங்கள் என்றனர் மக்லாரன் இரசிகர்கள். எவராலும் காட்ட இயலவில்லை. யூலை மாதத் தீர்ப்பு இவ்வாதத்தையே ஏற்றது எனலாம். ஆனால் ஒரு பரீட்சை மண்டபத்தை எண்ணிப் பாருங்கள். மாணவன் ஒருவனின் சட்டைப்பையில் விடைக்குறிப்புக் கண்டெடுக்கப்படுகிறது. அதனை அவன் பார்த்தானா, பார்த்தெழுதினானா, எழுதியதால் எத்தனை புள்ளி கூடியது என்று மேற்பார்வையாளர் கணக்கிடுவதில்லை. கணக்கிடவும் இயலாது. அதனாலேயே குறிப்பை மண்டபத்துக்குட் கொண்டுவருவதையே விதி குற்றமாக்கியிருக்கிறது. அருகிலிருந்து வெறுங்கையோடு எழுதிய மாணவனுக்கு அவ்விதியே பாதுகாப்பு.

அறிவென்னும் பொருளின் இயல்பும் இதுவே. திருடிய மாடு கொட்டிலில் நிற்கும், அடையாளங் காட்டலாம். திருடிய அறிவு எங்கே நிற்கிறது? எதிரி ஒரு வழியை முயன்று வென்றான் என்று அறிந்தால் நாமும் அவ்வழியிற் செல்லலாம். அவன் முயன்று கைவிட்டான் என்று அறிந்தாலோ, நாம் அதனை முயலாமலே விடலாம். அதனால் மிஞ்சும் காலமும் பணமும் இலாபமே. செய்யாது விட்ட பரிசோதனைக்கு வண்டியில் ஏது சுவடு? பேரவையும் செப்டெம்பரில் இக்கருத்தையே கூறியது: உறுப்பைப் பார்த்து உறுப்புச் செய்தார் என்று நிரூபிக்க வேண்டுவதில்லை, பெற்ற நன்மை நுண்ணியதாகவும் இருக்கலாம். இரு தீர்ப்புகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு இதுதான். முன்னையது பயனைத் தேடியது. பின்னையது உடைமையையும் பரவலையும் நோக்கியது. பின்னையதே செம்மையான வழி என்பது என் துணிபு.

நான்காம் வாதம் வளையும் அடித்தளத்தைப் பற்றியது. ஸ்டெப்னி சொல்லியிராவிடில் அவ்வமைப்பு வெளிப்பட்டிராது. ஆகவே அவர் செய்தது களவன்று, குற்றத்தை அம்பலப்படுத்தியமையே என்றனர் சிலர். இதனை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. தம் நிறுவனத்தில் முறைகேடு நடப்பதாகக் கருதுபவர் அதனை வெளிப்படுத்துவது குடிமகன் கடமையாகவும் இருக்கலாம். ஆனால் அவர் அதனை யாரிடம் சொல்லவேண்டும்? விதி காக்கும் சம்மேளனத்திடம் சொல்லியிருந்தால் அவரைப் பாராட்டலாம். அவரோ போட்டியாளரிடம் சொன்னார். மேலும், முறைகேட்டை உணர்த்த ஒரு தாள் போதும். 780 பக்கம் எதற்கு?

ஐந்தாம் வாதம்: அணியின் புள்ளி போயிற்று, அதே வண்டியில் ஓடிய சாரதிகளின் புள்ளி மட்டும் எவ்வாறு நின்றது? வண்டி களங்கமுடையதாயின், அதிலிருந்தவரின் வெற்றி தூயதாகுமா என்று பெராரி இரசிகர்கள் கேட்டனர். தருக்கநெறியில் இக்கேள்விக்குத் தக்க மறுமொழி இல்லை என்றே சொல்லவேண்டும். இருப்பினும், சான்று தருவோருக்குத் தண்டனையில்லை என்று வாக்களித்தபின் அவ்வாக்கை மீறுவது மற்றொரு முறைகேடாகும். வாக்கை நம்பி உண்மை சொன்னவர் தண்டிக்கப்படின், அடுத்த வழக்கில் எவர் வாய் திறப்பார்?

இங்கே கணக்கொன்றையும் கவனியுங்கள். ஆண்டு முடிவில் ரைக்கோனன் 110 புள்ளியும், ஹமில்டனும் அலொன்சோவும் தலைக்கு 109 புள்ளியும் பெற்றனர். ஒக்டோபர் 21இற் பிரேசிலில் நடந்த இறுதிப் பந்தயத்தில், ஒரேயொரு புள்ளியால் ரைக்கோனன் உலக சம்பியன் ஆனார். மாசாவின் 94 புள்ளியையும் சேர்த்துப் பெராரிக்கு 204. மக்லாரன் சாரதிகளின் மொத்தம் 218. ஹங்கேரியில் ஹமில்டன் முதலாவதாக வந்து பெற்ற 10 புள்ளியையும், அலொன்சோ நான்காவதாக வந்து பெற்ற 5 புள்ளியையும் அதிகாரிகள் விலக்கியபடி கழித்தால் 203. ஒற்று வழக்கே நிகழாதிருப்பினும், ஹங்கேரித் தண்டனை நிலைத்திருந்தால், மக்லாரன் ஒரு புள்ளியாலே தோற்றிருக்கும்! அணியினுள் மூண்ட பொறாமையும் வெளியிலிருந்து வந்த தாள்களும் ஒரே ஆண்டில் அவ்வணியைத் தாக்கின.

ஆறாம் வாதமே நடுவுநிலையோரை அதிகம் உறுத்தியது. அதே ஆண்டு டிசெம்பர் 6இல் றெனோல்ட் அணிமீது ஒரு வழக்கு விசாரிக்கப்பட்டது. மக்லாரனிலிருந்து 2006இல் விலகி றெனோல்டிற் சேர்ந்த பொறியியலாளர் ஒருவர், மக்லாரனின் தகவல்களைக் கணினித் தட்டுகளிற் கொண்டுசென்றிருந்தார். றெனோல்டின் கணினிகளில் அவை ஏற்றப்பட்டன. அங்குள்ள வேறு பொறியியலாளர் சிலரும் பார்த்தனர். விதி மீறப்பட்டது என்று பேரவை தீர்மானித்தது. தண்டனை எதுவும் விதிக்கவில்லை. அதனாற் போட்டியின் முடிவு பாதிக்கப்பட்டதாகச் சான்றில்லை என்பது காரணம். பத்துக் கோடியும் சுழியமும் ஒரே விதிக்குரிய இரு விலைகளா என்று மக்லாரன் இரசிகர்கள் வெகுண்டனர்.

இரண்டு வழக்குகளும் ஒன்றல்ல என்பது உண்மையே. முன்னையதில், பணியிலிருக்கும்போதே ஒருவர் மாதக்கணக்கில் தகவல் அனுப்பினார்; பின்னையதில், விலகிச் சென்றவர் பழையவற்றைக் கொண்டுசென்றார். றெனோல்ட் விசாரணைக்குத் தானே ஒத்துழைத்தது. ஆயினும், தண்டனைகளுக்கு இடையே இருந்த தூரம் வழக்குகளுக்கு இடையே இருந்த தூரத்திலும் பெரிது. மோஸ்லிக்கும் டெனிஸுக்கும் நெடுநாட் பகை இருந்ததென்று பலர் நம்பியமையால், அத்தூரத்துக்கு வேறு காரணங் கற்பிக்கவும் இடமாயிற்று. தராசு சரியாயிருந்தாற் போதாது. சரியாயிருக்கிறதென்று நிறுப்போர் யாவரும் காணவும் வேண்டும். செப்டெம்பர்த் தீர்ப்பின் நீதியை நான் ஏற்கிறேன். டிசெம்பர்த் தீர்ப்பு அதன் மதிப்பைக் குறைத்துவிட்டது என்றும் எண்ணுகிறேன்.

அதே மாதத்தில், பெராரியின் தகவல் தாங்கள் முன்னர் எண்ணியதிலும் பரவலாக அணிக்குட் சென்றிருந்ததென்று மக்லாரன் ஒப்புக்கொண்டு சம்மேளனத்திடம் மன்னிப்புக் கோரியது. ஐயத்துக்குரிய மூன்று துறைகளில் அடுத்த ஆண்டு வண்டியை முன்னேற்றுவதைச் சிறிது காலம் நிறுத்திவைக்கவும் உடன்பட்டது. 2008இல் ஹமில்டன் அவ்வணியின் வண்டியிலேயே உலக சம்பியன் ஆனார். இத்தாலிய நீதிமன்றத்தில் ஸ்டெப்னிக்கு எதிரான வழக்கு 2010இல் முடிவுற்றது, 20 மாதத் தண்டனையை அவர் உடன்பாட்டின் மூலம் ஏற்றார், சிறைக்குச் செல்லவில்லை. 2014 மே மாதத்தில் இங்கிலாந்தில் ஒரு வீதி விபத்தில் அவர் இறந்தார். கொக்லன் சில ஆண்டுகளின் பின் மீண்டும் பந்தயத் தொழிலுக்குத் திரும்பினார்.

சாரதிகளின் கதை இன்னும் வியப்பானது. பெராரியின் இரகசியம் பற்றி மடல் எழுதிய அலொன்சோ, 2010இற் பெராரியின் சிவப்புச் சட்டையையே அணிந்து ஐந்து ஆண்டுகள் அவ்வணிக்காக ஓடினார். ஹமில்டன் 2025இற் பெராரியிற் சேர்ந்தார். 2007இற் பெராரி அணியை நடத்திய ஜோன் டொட், 2009இல் மோஸ்லியின் ஆசனத்தில் அமர்ந்தார். 2007இல் யாருக்காக இரசிகர்கள் தொண்டைகிழியக் கத்தினரோ, அவரே மறுபக்கம் சென்று நின்றபோது, அந்த இரசிகர்களின் பழைய வாதங்கள் என்னவாயின?

இவ்வாறு கேட்பது இரசிகர்களை எள்ளி நகையாடுவதற்கன்று. பற்றில்லாத விளையாட்டிற் சுவையில்லை. பாடசாலை மைதானத்தில் நம் இல்லத்துக்காகக் கூச்சலிடாத சிறுவன் உண்டா? ஆனால் குற்றமா அன்றா என்பதைத் தீர்க்கும் நேரத்தில் அப்பற்றைச் சிறிது ஒதுக்கிவைக்கப் பழகவேண்டும். அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. இரு அணிகளின் பெயரையும் இடம்மாற்றிக் கதையை மீண்டும் சொல்லிப் பாருங்கள். மக்லாரனின் 780 பக்கம் மரனெல்லோவிற் கண்டெடுக்கப்பட்டிருந்தால், மக்லாரன் இரசிகர்கள் சான்று எங்கே என்று கேட்டிருப்பாரா? சினந்தெழுந்த இத்தாலிய இரசிகர்கள், ஒருவர் செய்த பிழைக்கு அணி என்ன செய்யும் என்று இரங்கியிருக்கமாட்டாரா? பெயரை மாற்றியவுடன் நம் தீர்ப்பும் மாறுமாயின், நாம் இதுவரை பேசியது நீதியன்று, நிறத்தையே பேசினோம்.

இனித் தொடக்கத்து வினாவுக்கு வருவோம். ஒற்று என்பது அரசர்க்கு உரியது. அங்கே இரு அரசர்க்கும் மேலாக ஒரு விதி இல்லை. தோற்றவன் நாட்டை இழப்பான். விளையாட்டிலோ இருவரும் ஒரே விதியின்கீழ் நிற்பதாக ஒப்பியே களத்தில் இறங்குகின்றனர். அவ்வொப்புதல் இல்லையேல் போட்டியே இல்லை. ஆகவே செய்தித்தாள்கள் அதனை ஒற்று வழக்கு என்று கவர்ச்சியாக எழுதினாலும், அது ஒற்றாடலைச் சேர்ந்ததன்று, கள்ளாமையைச் சேர்ந்தது. தன் தொழிலுக்கும் வருமானத்துக்கும் எவ்விதத் தொடர்புமில்லாத ஒரு விடயத்தில், பிறர் பொருள் பிறரிடம் இருக்கலாகாது என்று கருதி ஒரு மின்னஞ்சல் அனுப்பிய கடை ஊழியர் அதனை அறிந்திருந்தார். பேரவை இருமுறை கூடித் தேடிக் கண்ட விடையை அவர் ஒரே பார்வையிற் கண்டுகொண்டார். நம் பிள்ளைகளுக்கு இவ்வழக்கைச் சொல்லும்போது, சம்பியன்களின் பெயரோடு அந்த ஊழியரின் செயலையும் சேர்த்துச் சொல்வோமாக.